கிராம சபையில மைக் புடிச்சதும் தொண்டை அடைக்குது, பேச சொல்லிக்குடுக்கற கிளாஸ் போலாமா?

கொலுசுப்பட்டறை:
வணக்கம்ங்க. நான் சேலம் சிவதாபுரம் பக்கம், வீட்டுலயே கொலுசு பத்த வைக்கற வேலை, எங்க மகளிர் குழுவுக்கு நான்தான் ஊக்குநர். குழு கூட்டத்துல யாரு தவணை பாக்கி, யாரு வரல எல்லாம் கறாரா கேப்பேன், பேங்க்ல மேனேஜர் முன்னாடி உக்காந்து லோன் பேசி வாங்கியிருக்கேன். ஆனா மே 1 கிராம சபையில எங்க தெருவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி விடறாங்களே அதைக் கேட்டே ஆகணும்னு எழுந்தேன், மைக்கைக் கையில குடுத்தாங்க, என் குரல் ஸ்பீக்கர்ல திரும்ப எனக்கே கேட்டுச்சு, அதோட தொண்டை அடைச்சுருச்சு. முன்னாடி சேர்ல மாமனாரும் அவரு அண்ணனும். "தண்ணி பிரச்சனை இருக்கு, பார்த்து செய்யுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவறப்ப சொல்ல நினைச்சது அத்தனையும் வரிசையா வருது, அழுகையே வந்துருச்சு.

டவுன்ல ஒரு எழுத்தாளர் அக்கா ஞாயித்துக்கிழமைல பொண்ணுங்களுக்கு சபையில பேசவும் பேப்பருக்கு எழுதவும் சொல்லிக்குடுக்கறாங்களாம். வீட்டுக்காரர் "நல்லாதானே பேசற, இதுக்கு எதுக்கு கிளாஸு"ங்கறார். அடுத்த சபை ஆகஸ்ட் 15. இந்த மாதிரி கிளாஸ் யாராச்சும் போயிருக்கீங்களா, நிஜமாவே உதவுமா?

மலைக்காப்பி:
போங்க அக்கா, நான் போயிருக்கேன். எங்க ஊரு ஏற்காடு மேல, நாகலூர் தாண்டி உள்ள போகணும், காப்பித் தோட்ட வேலை. மேடையில ஏத்தி விட்ருவாங்கன்னு பயந்துட்டே போனேன், முதல் நாள் அப்படி எதுவுமே இல்ல. உங்க தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரி விஷயத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணுங்கன்னாங்க, அப்பறம் அதைக் கேட்டுக் கேட்டு ஒரு வார்த்தை மாத்தாம நோட்டுல எழுதச் சொன்னாங்க. எழுதி முடிச்சதும் அவங்க சிவப்பு பேனாவுல சுழிச்சுக்கிட்டே வந்தாங்க, "எனக்கு சரியா தெரியல" அஞ்சு இடம், "பொதுவா எல்லாரும் சொல்றாங்க" மூணு இடம், "நான் பார்த்தேன்" ஒரு இடம் கூட இல்ல. எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு, ஏன்னா பார்த்தது அத்தனையும் நான்தான்.

என் விஷயம் சாயங்கால பஸ் நின்னு போனது. "பஸ் இல்லாம பொம்பளைங்க கஷ்டப்படறோம்"னுதான் எழுதி வச்சிருந்தேன். அவங்க கேள்வி கேட்டுக் கேட்டு கடைசியில நான் சபையில சொன்னது இதுதான்: "பழம் பறிக்கற சீசன்ல ஆறு மணிக்கே இருட்டிருது, போன செவ்வாக்கிழமை நானும் என் நாத்தனாரும் வேலை முடிஞ்சு வர்றப்ப வளைவுல காட்டெருமை நின்னுச்சு, முக்கா மணி நேரம் அசையாம நின்னோம், அவ இடுப்புல குழந்தை." அன்னிக்கு யாரும் பக்கத்துல பேசிக்கல, எல்லாரும் கேட்டாங்க. பஸ் இன்னும் முழுசா வரல, வாரத்துல மூணு நாள் வருது.

எழுத்தும்பேச்சும்:
நானும் எழுதறவதான், சின்னதா பயிற்சியும் குடுக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. தங்கச்சி, குரல் உங்ககிட்ட நல்லாவே இருக்கு, குழுவுலயும் பேங்க்லயும் பேசினது அதே தொண்டைதானே. வீட்டுப் பெரியவங்க எதிர்ல உக்காந்திருக்க பேச நமக்கு யாரும் பழக்கலை, அதுதான் அடைக்குது. அந்தப் பழக்கத்தைத்தான் வகுப்புல செஞ்சு பார்க்கறோம். அந்தக் காலத்து நாவலாசிரியர் வை.மு.கோதைநாயகி அம்மா பள்ளிக்கூடமே பெருசா போகாதவங்க, முதல் நாடகத்தை இவங்க வாயால சொல்லச் சொல்ல தோழி எழுதினாங்க. அப்பறம் 1925ல ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்தி 115 நாவல் எழுதி, மேடைப் பேச்சுலயும் பேர் வாங்கி, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்கும் போனாங்க. மலைக்காப்பி சொன்ன ரெக்கார்டிங் முறையும் கிட்டத்தட்ட அந்த வழிதான், பேச்சு முதல்ல, எழுத்து அது பின்னாடி.

மைக்கை வாய்ல இருந்து நாலு விரல் தள்ளிப் புடிங்க, ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரா நிக்காதீங்க. முதல் வாக்கியம் சொன்னதும் நிறுத்துங்க, உங்க குரல் சுத்தி வந்து அடங்கட்டும், அதுக்கப்பறம் ரெண்டாவது. பார்க்கறதுக்கு உங்க குழு ஆள் ஒருத்தரை நடுவுல உக்கார வச்சு அவங்க முகத்தையே பாருங்க. "தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, நான் எத்தனையோ பேர்கிட்ட பார்த்துட்டேன், அந்த ஒரு வரி வந்துட்டா அடுத்து வர்றதெல்லாம் கெஞ்சற மாதிரியே ஆயிரும்.

ஓமலூர்க்காரி:
கிளாஸ் போங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. எப்பவும் பொண்ணையே சரி பண்ணிக்கச் சொல்றோம், கேக்க வேண்டிய சபையை யாரும் எதுவும் சொல்றதில்ல. உள்ளாட்சியில பொம்பளைங்களுக்கு 50 சதவீதம்னு 2016ல சட்டம் வந்துச்சு, எங்க ஊர்ல தலைவரம்மா நாற்காலியில இருந்தாங்க, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது பக்கத்துல நின்ன அவங்க வீட்டுக்காரர். அதனால தனியா போகாதீங்க, குழுவுல அஞ்சு பேரா போங்க. நீங்க கேளுங்க, மழுப்பினா அடுத்தவங்க எழுந்து "அவங்க கேட்டதுக்கு பதில் வரலையே"ன்னு கேக்கட்டும். மனுவா ரெண்டு காப்பி எழுதிட்டுப் போங்க, ஒண்ணுல கையெழுத்து வாங்கிக்கோங்க, தீர்மானப் புத்தகத்துல ஏத்தச் சொல்லுங்க. ஆகஸ்ட்ல நடக்கலைன்னா அக்டோபர் 2 இருக்கு, நவம்பர் 1 இருக்கு. எங்கம்மா தர்மபுரி பக்கம், 1989ல தமிழ்நாட்டுலயே அங்கதான் முதல்ல மகளிர் குழு ஆரம்பிச்சாங்க, கூட்டத்துல எழுந்து தன் பேரை சத்தமா சொன்னதே அன்னிக்குத்தான்னு அம்மா இன்னும் சொல்லும்.

எழுத்தும்பேச்சும்:
ஓமலூர்க்காரி சொல்றது ரொம்ப சரி. நான் நாலு மாசம் சொல்லிக் குடுத்தாலும் பக்கத்துல எழுந்து நிக்க ஆள் இருக்கறதுக்கு ஈடாகாது.

கொலுசுப்பட்டறை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இந்த ஞாயித்துக்கிழமை போறேன், குழுவுல இன்னும் ரெண்டு பேர் கூட வரேன்னாங்க. நேத்து ராத்திரி தண்ணிக்கு முழிச்சிருந்தப்ப குழாயடியிலயே ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தேன், தண்ணிங்கற வார்த்தையே ரெண்டாவது நிமிஷத்துலதான் வருது. விடிய விடிய எழுதி முதல் வாக்கியம் இப்படி வச்சிருக்கேன், சரியா இருக்கான்னு பாருங்க: "என் பொண்ணு பத்தாவது படிக்கறா, வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து என்கூட குடம் தூக்கிட்டு பரீட்சைக்குப் போறா."