விக்டோரியா அரசியின் திருமணம் தாயையும் மகளையும் சேர்த்து வைத்ததா?

கேள்வி:
வணக்கம். அதுவரை தாயின் அறையிலேயே உறங்கிவந்த பதினெட்டு வயது விக்டோரியா, 1837-இல் அரியணை ஏறியதுமே தம் கட்டிலை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார் என்று படித்தபோது மனம் கனத்தது. கென்ட் கோமகளான அத்தாயோடு அவர் பின்னாளில் இணங்கிப்போனதற்கு ஆல்பர்ட் இளவரசர்தான் காரணமா?

பதில் 1:
பெரும்பங்கு அவருடையதே. கோமகளும் அவருடைய நிர்வாகி ஜான் கான்ராயும், யாராவது கையைப் பிடித்துக்கொள்ளாமல் சிறுமி மாடிப்படி இறங்கக்கூடாது என்னுமளவுக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தனர். 1839 அக்டோபர் 15 அன்று விண்ட்சரில் அரசியே ஆல்பர்ட்டிடம் மணவிருப்பத்தைச் சொன்னார். 1840 பிப்ரவரியில் திருமணம் நடந்தது. கோமகள் ஆல்பர்ட்டின் தந்தையோடு பிறந்தவர். நம் முறைப்படி அவர் மணந்தது அத்தை மகளை. மாமியாருக்காகப் பரிந்து பேசும் உரிமையை அந்த உறவே அவருக்குத் தந்தது என்பேன்.

பதில் 2:
கான்ராய் 1839-இலும், கோமகளுக்கு ஆகாதவரான, விக்டோரியாவின் ஆசிரியை லேசன் 1842-இலும் விலகியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1848-இல் ஒரு லண்டன் வார இதழ் விண்ட்சர் கிறிஸ்துமஸை வருணித்தது: எட்டடி உயர ஊசியிலை மரம், கிளைதோறும் மெழுகுதிரிகள், உச்சியில் சிறகு விரித்த தேவதை. அரசிக்கும் ஆல்பர்ட்டுக்கும் போலவே கோமகளுக்கும் அங்கே தனி மரம் இருந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்தத் தனி மரம் என் கண்ணிலேயே நிற்கிறது. 1861 மார்ச்சில் தாய் மறைந்தபின் அவருடைய காகிதங்களைப் புரட்டிய அரசி, தம் குழந்தைப்பருவ நினைவுப்பொருள்களைத் தாய் பத்திரமாகப் போற்றி வைத்திருந்ததைக் கண்டு கலங்கியதன் பொருள் இப்போது விளங்குகிறது.