வளவு முற்றத்துக்கும் சேர்த்து சொத்து வரி: எதைச் சொல்லி ஆட்சேபிப்பது?

கட்டுவீடு கேட்டது:

செட்டிநாட்டுப் பக்கம், பேரூராட்சி எல்லைக்குள் ஐயா காலத்து வீடு. இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். வெளி அளவு 60 அடிக்கு 120 அடி. வளவில் (முகப்பை அடுத்து, முற்றத்தைச் சுற்றி அமைந்த முதல் கட்டு) ஒரு முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டில் ஒரு முற்றம். மாடி முகப்புக்கு மேலே மட்டும்தான். ஆனால் வரி அறிவிப்பில் கட்டடப் பரப்பு 14,400 சதுர அடி என்று இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு 2022-இல் நூறு சதவீதம் வேறு ஏற்றினார்கள். வரி இன்னும் ஐயா பேரில்தான் வருகிறது. நாலு புள்ளிக்கு (பங்காளிக் குடும்பங்களுக்கு) பங்கு, அதில் இரண்டு புள்ளி மலேசியாவில். எதைச் சொல்லி ஆட்சேபிப்பது? மனு நிலுவையில் இருக்கும்போது வரியைக் கட்டாமல் நிறுத்திவைக்கலாமா? யார் கையெழுத்துப் போட வேண்டும்?

அளவுநாடா எழுதியது:

சதவீதத்தை விட்டுவிடுங்கள். 2022 ஏப்ரலில் வந்தது மாநிலம் முழுக்கப் போட்ட உயர்வு. நம் பக்கத்து நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். இப்படிக் கட்டு கட்டாக இருக்கும் வீடு எதுவாக இருந்தாலும் 1,800-ஐத் தாண்டிவிடும். அந்த நூறை உங்கள் ஊர் செயல் அலுவலர் குறைக்க முடியாது. பூட்டிக் கிடக்கிறது என்பதையும் முதல் காரணமாக வைக்காதீர்கள், மனுவின் கவனம் சிதறும். அவர் கையில் இருப்பது பரப்பு, கூரை வகை, பயன்பாடு, கட்டடத்தின் வயது. அதிலும் உங்களுக்குப் பரப்பு ஒன்றே போதும்.

14,400 எப்படி வந்தது என்று பாருங்கள். 60 × 120 = 7,200. மாடி இருக்கிறது என்பதால் அதை அப்படியே இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தால் மாடிவீடு, அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. பங்காளிச் சுவர் இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு நிற்கும் வீட்டில், பின்னால் மாடி இல்லை என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

உங்கள் கணக்கு இப்படி இருக்க வேண்டும். வளவு முற்றம் 24 × 36 என்று வைத்துக்கொண்டால் 864. இரண்டாம் கட்டு முற்றம் 15 × 20 என்றால் 300. தரைத்தளம் 7,200 − 1,164 = 6,036. மாடி 60 × 25 என்றால் 1,500. மொத்தம் 7,536 சதுர அடி. போட்டிருப்பதில் ஏறக்குறைய பாதி. படிவத்தில் சதுர மீட்டர் கேட்டால் 10.764-ஆல் வகுங்கள், 700 வரும். அடிக் கணக்கை மீட்டர் கட்டத்தில் எழுதிவிட்டு அவதிப்படுகிறவர்களும் உண்டு.

முற்றத்தை அளக்கும் இடத்தில்தான் சண்டை வரும். மேலே ஓட்டு விளிம்புக்கு விளிம்பு அளந்தால் முற்றம் சிறுக்கும். கீழே தாழ்ந்திருக்கும் கல்தளத்தின் கரைக்குக் கரை அளந்தால் பெருக்கும். சுற்றியுள்ள தாழ்வாரம் கூரைக்குக் கீழே இருப்பதால் அது கட்டடம்தான். வானம் தெரிகிற பகுதியை மட்டும் கழிக்கக் கேளுங்கள். இரண்டு அளவையும் வரைபடத்தில் குறித்து, கேட்பது எது என்று எழுதிவிட்டால் பிறகு பேச்சு மாறாது. மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்த படம் ஒன்று, முற்றத்தில் நாடாவை விரித்து எடுத்த படம் ஒன்று போதும்.

சுவரைக் கழிக்கச் சொல்லாதீர்கள். நம் வீட்டுச் சுவர் கனத்தைப் பார்த்தால் ஆசை வரும்தான். ஆனால் தளப்பரப்பு என்றால் சுவரும் சேர்ந்ததே. அதைக் கேட்டால் நியாயமான மற்ற கோரிக்கையும் அதோடு அடிபடும்.

நாலாம்வீதி எழுதியது:

நடைமுறை பற்றி. அறிவிப்பு கையில் கிடைத்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள். ஆட்சேபணைக்கான கெடு அதிலேயே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. முதல் மனு சீராய்வு மனு. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு, நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையருக்கு. அதில் வரும் உத்தரவு சரியில்லை என்றால் அடுத்தது வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. வாய்ச்சொல்லாக "பார்க்கிறோம்" என்பதை வைத்துக்கொண்டு குழுவுக்குப் போக முடியாது. எழுத்தில் உத்தரவு கேட்டு வாங்குங்கள்.

மனுவோடு சேர்க்க வேண்டியவை: அறிவிப்பு நகல், கடைசி மூன்று நான்கு அரையாண்டு ரசீதுகள், பட்டா, ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட தளவாரி வரைபடம், படங்கள். "நேரில் அளவெடுத்துப் பரப்பைத் திருத்த வேண்டும், கூடுதலாகக் கட்டிய தொகையை வரும் அரையாண்டுகளில் சரிக்கட்ட வேண்டும்" என்று கோரிக்கையை இரண்டே வரியில் முடியுங்கள். இரண்டாவது வரியை விட்டுவிட்டால் பரப்பு திருந்தும், பழைய பணம் அப்படியே நிற்கும்.

வரியை நிறுத்தாதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். மேல்முறையீட்டுக்குப் போனால் நிலுவை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் அந்த அரையாண்டுக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். ஆன்லைனில் கட்டினால் ஆட்சேபணை எழுத இடம் கிடையாது. கட்டிய அன்றே ரசீது எண்ணைக் குறிப்பிட்டு "ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த அளவை வைத்து வரி போட்டார்கள் என்ற தாளை அலுவலகத்தில் தராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு அளவுக் குறிப்பும் பதிவேட்டுப் பக்க நகலும் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அது வரட்டும் என்று காத்திருந்தால் உங்கள் கெடு போய்விடும். மனுவை முதலில் போடுங்கள், நகல் வந்ததும் கூடுதல் ஆவணமாகச் சேருங்கள்.

கையெழுத்து: ஊரில் இருக்கும் ஒரு பங்காளி போடட்டும். மற்ற மூன்று புள்ளியின் சம்மதக் கடிதத்தையும் ஐயாவின் வாரிசுச் சான்றையும் இணையுங்கள். பரப்புத் திருத்தத்துக்கு மலேசியாவிலிருந்து பவர் பத்திரம் எழுதி வரவழைக்கும் அளவுக்குப் போக வேண்டாம். பெயர் மாற்றத்தை இதே மனுவில் கலக்காதீர்கள், பங்காளி ஒருவர் மறுத்தால் இரண்டும் தூங்கும்.

கொட்டகை எழுதியது:

மறு அளவுக்கு வந்தால் எல்லாவற்றையும்தான் அளப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். பின்கட்டில் தகரம் போட்டு இறக்கியது, தோட்டத்தில் புதிதாகக் கட்டிய கழிப்பறை எல்லாம் ஏறும். முன்கூட்டியே நீங்களே கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இடிந்து விழுந்த வண்டிக் கொட்டகை பதிவேட்டில் இருந்தால் அதையும் நீக்கக் கேளுங்கள். விழுந்த கட்டடத்துக்கு வரி தானாகக் குறையாது.

இரண்டாம் கட்டு நாட்டு ஓடு என்றால் கூரை வகையையும் பாருங்கள். முகப்பு மெத்தைவீடு (மாடிவீடு) என்பதற்காக வீடு முழுவதையும் கான்கிரீட் என்று போட்டிருப்பது சகஜம்.

ஊர் எதில் சேர்ந்தது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கோட்டையூரும் கண்டனூரும் பேரூராட்சியாக இருந்து காரைக்குடி மாநகராட்சியில் சேர்ந்தவை. அங்கே பழைய ரசீது பேரூராட்சிப் பெயரில் இருக்கும், மனு போக வேண்டியது மாநகராட்சிக்கு. ஆத்தங்குடி போல ஊராட்சி என்றால் வீட்டு வரி 1994 ஊராட்சிகள் சட்டப்படி, மேலே சொன்ன குழு அங்கே பொருந்தாது.

கட்டுவீடு எழுதியது:

நன்றி. ஒரு சந்தேகம். வளவு முற்றத்துக்கு மேலே குரங்குக்காக இரும்புக் கம்பிவலை போட்டிருக்கிறோம். இரண்டாம் கட்டு முற்றத்துக்குப் போன வருஷம் ஃபைபர் ஷீட் போட்டாயிற்று. இரண்டையும் கழிக்கலாமா?

அளவுநாடா எழுதியது:

வலை கூரை ஆகாது, மழை உள்ளே விழும். அந்த 864-ஐத் தைரியமாகக் கழியுங்கள், வலை தெரியும்படியே படம் எடுங்கள். ஷீட் போட்டது கூரைதான். அந்த 300-ஐ நீங்களே சேர்த்து 7,836 என்று மனுவில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அளக்க வருகிறவர் முதலில் பிடிப்பது அதுவாகத்தான் இருக்கும், பிறகு மற்ற அளவுகளையும் நம்ப மாட்டார். ஷீட்டைக் கழற்றுவதாக இருந்தால் அளக்க வருமுன் கழற்றிவிட்டு 7,536 என்றே கேட்கலாம்.