லண்டனிலிருந்து லெ மானுக்கு ஆறு மணி நேரமா? யாரிடம் விடுகிறீர்கள் இந்தக் கதையை?

மூன்றாம் கியர்

நேற்று இந்தக் குழுவில் புதுக்கூடாரம் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டிருந்தார். பிரான்ஸில் 2026 ஜூன் 13, 14ல் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கு நாலு நண்பர்கள் ஒரே காரில் லண்டனிலிருந்து போய்க் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும், எப்போது கிளம்பலாம், எந்தத் திடலில் இடம் பிடிக்கலாம் என்று. அதற்கு ஈஸ்ட்ஹாம்காரன் எழுதிய பதில்: "லண்டன் – லே மான்ஸ் ஆறு மணி நேரம்தான். சனிக்கிழமை காலை ஏழுக்குக் கிளம்பினால் நாலு மணிக்குக் கொடி அசையும்போது அங்கே நிற்கலாம். வியாழக்கிழமையே போய் மண்ணில் படுப்பவர்கள் லீவை வீணாக்குகிறார்கள்."

இதைப் படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை. ஒன்பது தடவை போனவன் நான். ஒரு தடவைகூட ஆறு மணி நேரத்தில் போனதில்லை. லண்டன் ஹாரோவில் என் வீட்டு வாசலில் காருக்குச் சாவி போட்டு, அங்கே போய்ச் சாவியைக் கழற்ற எட்டரை, ஒன்பது மணி நேரம் ஆகும். ஒரு புதுப் பையனுக்கு இப்படிச் சொன்னால் அவன் பந்தயத் தொடக்கத்தைத் தவறவிடுவான். அந்தப் பாவம் யாருக்கு?

ஈஸ்ட்ஹாம்காரன்

அண்ணா, ஆறு மணி நேரம் என்று நான் சொன்னது ஆறு மணி நேரம்தான். 2022ல் போனேன். ஃபோனில் வழி போட்டுப் பாருங்கள், அதுவே சொல்லும். நீங்கள் மூன்றாம் கியரிலேயே ஓட்டினால் அதற்கு நான் என்ன செய்ய?

மூன்றாம் கியர்

ஃபோன் சொல்லுமாம். கடலடி ரயிலில் காரை ஏற்ற ஃபோகஸ்டனில் வரிசையில் நிற்பது ஃபோனா, நானா?

கணக்கை நானே போடுகிறேன். ஈஸ்ட்ஹாமில் காலை ஏழு. ஃபோகஸ்டன் எட்டரை, எம்20 நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்தி வைக்காத நாளாக இருந்தால். பாஸ்போர்ட் பார்த்து, ரயிலில் காரை ஏற்ற ஒன்பதரை. கடலடிச் சுரங்கத்துக்குள் 35 நிமிடம். பிரான்ஸ் பக்கம் கலேயில் இறங்கும்போது உங்கள் கைக்கடிகாரத்தில் பத்து ஐந்து, பிரான்ஸ் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று? கலேயிலிருந்து அப்வில், ருவான், அலான்சோன் வழியாக நானூறு கிலோமீட்டருக்கு மேல். நாலேகால் மணி நேரம். டீசலுக்கும் ஒன்றுக்கும் ஒரு தடவையாவது நிற்க வேண்டாமா? மூன்று நாற்பதுக்கு லெ மான் ஊர் எல்லை. அங்கே உங்களுக்கு முன்னால் மூன்று லட்சம் பேர். நாலு மணிக்குக் கொடி. நீங்கள் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கோவை கிளட்ச்

ஒரு திருத்தம். அது லெ மான். கடைசியில் "ஸ்" ஒலிக்காது. லே மான்ஸ் என்று எழுதுகிறவருக்கு வழி தெரியும் என்று நம்புவது கஷ்டம்தான்.

ஈஸ்ட்ஹாம்காரன்

ஊர்ப் பெயரை எப்படி எழுதினாலும் தூரம் மாறாது சார். ஆறு மணி நேரம்.

துறைமுகத்தான்

நீங்கள் இரண்டு பேரும் ஏன் கலேக்குப் போகிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. போர்ட்ஸ்மத்தில் இரவுக் கப்பலில் ஏறிப் படுத்தால் காலையில் பிரான்ஸ் துறைமுகம் விஸ்ட்ரெஹாம். அங்கிருந்து லெ மானுக்கு 160 கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்பேன். தூங்கி எழுந்த உடம்போடு.

மூன்றாம் கியர்

தம்பி, நீங்கள் சௌத்தாம்ப்டன்காரர். உங்களுக்கு அது கொல்லைப்புறம். ஹாரோவிலிருந்து போர்ட்ஸ்மத் போகும் நேரம், கப்பலுக்குக் காத்திருக்கும் நேரம், கடலில் போகும் ஆறேழு மணி நேரம், இதெல்லாம் யார் கணக்கில்? இங்கே பேச்சு கப்பலைப் பற்றி இல்லை. ஆறு மணி நேரம் என்று ஒருவர் எழுதினார், அதைப் பற்றி.

மழைக்கால அக்கா

பிள்ளைகள், சண்டை பிடிக்காமல் கொஞ்சம் கேளுங்கோ. முதலில் அந்தத் தம்பி நாலு பேரின் பாஸ்போர்ட்டையும் பார்க்கட்டும். யாரிடமாவது இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் பிரான்ஸுக்குள் போக ஷெங்கன் விசா வேண்டும். ஜூனில் போவதற்கு மே மாதம் விண்ணப்பித்தால் நேரம் காணாது. காரில் எச்சரிக்கை முக்கோணம், ஆளுக்கொரு மஞ்சள் மேற்சட்டை, பின்னால் "யூகே" ஸ்டிக்கர். பழைய "ஜிபி" ஸ்டிக்கர் 2021 செப்டம்பரோடு முடிந்தது. எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க ஹெட்லைட்டுக்கு ஒட்டும் தாள்.

அடுத்தது சாப்பாடு. வீட்டில் சமைத்த ஆட்டுக்கறியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட வேண்டாம். 2021 ஜனவரியிலிருந்து இங்கிருந்து இறைச்சியும் பாலும் அந்தப் பக்கம் கொண்டு போக முடியாது. தயிர்ச்சோறும் கூடாது. மீன் பரவாயில்லை, ஆளுக்கு இருபது கிலோ வரை விடுவார்கள். நான் மாசிக் கருவாட்டுச் சம்பலும் பருப்பும் கொண்டு போவேன், இறைச்சியை லெ மானில் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி அங்கேயே கறி வைப்பேன்.

கோவை கிளட்ச்

தயிர்சாதத்தைக்கூடவா? நான் மூன்று தடவை கொண்டு போயிருக்கிறேன். யாரும் டப்பாவைத் திறந்து பார்த்ததில்லை.

மழைக்கால அக்கா

திறந்து பார்க்கவில்லை என்பதும் அனுமதி என்பதும் ஒன்றா தம்பி? அந்த ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரி டிரைவரின் சாண்ட்விச்சையே பறித்ததை டிவியில் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் சாப்பாட்டைக் குப்பையில் போடச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கோ.

ஈஸ்ட்ஹாம்காரன்

அக்கா சொல்வது சரி. நான் கறி கொண்டு போவதே இல்லை, அதனால்தான் ஆறு மணி நேரத்தில் போக முடிகிறது. அண்ணன் காரில் பாதி பாத்திரக்கடை.

மூன்றாம் கியர்

என் பாத்திரத்தைப் பற்றி நீங்கள் பேசலாமா? 2023 நூற்றாண்டுப் பந்தயத்துக்கு ஒரே திடலில் இருந்தோம், நினைவிருக்கிறதா? அப்போது நீங்கள் வெள்ளிக்கிழமை மாலைதான் வந்தீர்கள். அந்த மண் வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நீங்கள் கொண்டுவந்த மெல்லிய ஆணிகள் ஒவ்வொன்றாக வளைந்தன. சுத்தியல்கூட இல்லை, ஷூவைக் கழற்றி அடித்தீர்கள். என் இரும்பு ஆணிகள் எட்டைக் கொடுத்தேன். இன்றுவரை திரும்பி வரவில்லை. அன்று இரவு என் பாத்திரத்தில்தான் சாப்பிட்டீர்கள்.

ஈஸ்ட்ஹாம்காரன்

ஆறு ஆணி. எட்டு இல்லை. திருப்பித் தருகிறேன் என்று சொன்னேன், நீங்கள்தான் "பரவாயில்லை தம்பி" என்றீர்கள். இப்போது எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டுகிறீர்கள். இதைவிட அன்றைக்கே கூடாரம் இல்லாமல் படுத்திருப்பேன்.

மூன்றாம் கியர்

எட்டு. ஆணி எண்ணவே தெரியாதவர் மணி எண்ணுகிறார்.

கோவை கிளட்ச்

அந்த 2023 பந்தயத்துக்காகவாவது ஒரு வாரம் லீவு போட்டிருக்க வேண்டும். ஐம்பது வருடம் கழித்து முதல் வகுப்புக்குத் திரும்பி வந்த ஃபெராரி, ஐந்து வருடம் தொடர்ந்து ஜெயித்த டொயோட்டாவை வீழ்த்தியது. அப்புறம் 2024, 2025ம் ஃபெராரிதான். நம்ம ஊர்க்காரர்களும் அங்கே தடம் பதித்திருக்கிறார்கள் என்பதைப் புதுத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். 2009ல் எங்கள் கோவை நரேன் கார்த்திகேயன்தான் லெ மானில் முதல் இந்தியர்.

துறைமுகத்தான்

அது கருண் சந்தோக். சென்னைக்காரர். 2012ல் ஓட்டி ஒட்டுமொத்தத்தில் ஆறாவது. நரேன் பந்தயத்தில் ஓட்டவே இல்லை.

கோவை கிளட்ச்

தகுதிச் சுற்றில் ஆடி (Audi) காரை ஓட்டினாரா இல்லையா? பந்தயத்துக்கு முன்னால் தோள்பட்டை விலகியது அவர் குற்றமா? லெ மான் தடத்தில் முதலில் சக்கரம் உருட்டியவர் அவர்தான்.

துறைமுகத்தான்

24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினால்தான் பந்தயத்தில் ஓட்டியதாக அர்த்தம். அன்று அதே காரின் கூட்டாளிகள் இரண்டே பேர் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். நரேன் ஓட்டவில்லை.

கோவை கிளட்ச்

முதலில் போனவர் நரேன். அவ்வளவுதான்.

மூன்றாம் கியர்

நரேனும் கருணும் இரண்டு பேரும் நம் பிள்ளைகள், விடுங்கள். அந்தப் பேச்சில் ஈஸ்ட்ஹாம்காரன் நழுவப் பார்க்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் வேக எல்லை மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. பந்தய வாரத்தில் அந்தச் சாலை முழுக்கப் போலீஸ் நிற்கும். பிரிட்டிஷ் நம்பர் பிளேட்டைக் கண்டால் தனிக் கவனம். வேக எல்லைக்கு மேல் 40 கிலோமீட்டர் போனால் லைசென்ஸை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆறு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று மிதிக்கிற பையனுக்கு அதுதான் நடக்கும். அதனால்தான் இவ்வளவு கோபம் எனக்கு.

ஈஸ்ட்ஹாம்காரன்

நான் 130க்கு மேல் போனதே இல்லை. போகாமலே ஆறு மணி நேரம். ஈஸ்ட்ஹாமிலிருந்து ஃபோகஸ்டன் ஒன்றரை, அந்தப் பக்கம் நாலேகால். கூட்டிப் பாருங்கள். ஆறுகூட வரவில்லை.

மழைக்கால அக்கா

அப்படியென்றால் நீங்கள் சொல்வது ஓட்டுகிற நேரம், அண்ணை சொல்வது வீட்டு வாசலிலிருந்து திடல் வாசல் வரை. இரண்டும் வேறு வேறு.

மூன்றாம் கியர்

வேறு வேறு எல்லாம் இல்லை அக்கா. ஆறு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம். அவர் எழுதியது தப்பு.

ஈஸ்ட்ஹாம்காரன்

தப்பு இல்லை. ஆறு மணி நேரம்தான்.

புதுக்கூடாரம்

எல்லாருக்கும் நன்றி. விசா விஷயம் தெரியாமல் இருந்தேன், எங்களில் ஒருவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான், இன்றே பார்க்கச் சொல்கிறேன். என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. ஊ, மெஸோன் பிளான்ஷ், போசெஜூர் இப்படித் திடல்களின் பெயர்கள் பார்த்தேன். முதல் தடவை போகிறவர்களுக்கு எது நல்லது?

மூன்றாம் கியர்

தம்பி, எந்தத் திடல் என்பது அப்புறம். வியாழக்கிழமை மதியத்துக்குள் கூடாரம் நின்றாக வேண்டும். அன்று இரவுப் பயிற்சி இருக்கும், அதை விடவே கூடாது. வெள்ளிக்கிழமை கார் எதுவும் ஓடாது, ஓட்டுநர்களை ஊருக்குள் பழைய கார்களில் ஊர்வலமாகக் கூட்டிப்போவார்கள், டிராம் பிடித்துப் போய்ப் பாருங்கள். ரேடியோ ஒன்று எடுத்துப் போங்கள், எஃப்எம் 91.2ல் ஆங்கில வர்ணனை வரும்.

சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு மேல் ஆர்னாஜ் வளைவில் போய் நில்லுங்கள். அங்கே தடத்திலேயே மிக மெதுவாகத் திரும்ப வேண்டும். இருட்டில் கார் வருவதற்கு முன்னால் பிரேக் தட்டு சிவந்து வருவது தெரியும். அடுப்பில் ஊதிவிட்ட கரி மாதிரி சக்கரத்துக்குள் எரியும், அப்புறம் அணையும், அடுத்த கார். 2024ல் இரவு மழையில் நாலு மணி நேரத்துக்கு மேல் வேகத்தைக் குறைக்க முன்னால் விடும் சேஃப்டி கார் பின்னாலேயே எல்லாரும் ஊர்ந்தார்கள். நனைந்த போர்வைக்குள் உட்கார்ந்து, அந்த வரிசை சுற்றிச் சுற்றி வருவதையும் விடாமல் பார்த்தேன். சனிக்கிழமை காலை ஏழுக்குக் கிளம்பி வருகிறவர் இரவு ஒரு மணிக்குக் கார் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் என்ன பார்த்தார் என்று சொல்லட்டும்.

ஈஸ்ட்ஹாம்காரன்

2022ல் கொடி அசையும்போது நான் வேலி ஓரத்தில் நின்றேன். படம் இருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்கிறேன் அண்ணா, வியாழன், வெள்ளி லீவு கேட்டால் கிடைக்காது. ஒரு ராத்திரியாவது பார்த்துவிட்டு வருகிறேன். அதைப் போய் நீங்கள் பார்க்கவே இல்லை என்கிறீர்கள்.

மூன்றாம் கியர்

படத்தில் நேரம் தெரிகிறதா?

கோவை கிளட்ச்

நேரம் இருக்கட்டும். 2025 ஜனவரியில் அஜித் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில், 991 என்ற போர்ஷே கார் வகுப்பில் மூன்றாவது வந்தபோது நம் ஆட்கள் எவ்வளவு பேர் போனார்கள்! இதே கூட்டம் லெ மானுக்கும் வர வேண்டும். நரேன் தொடங்கி வைத்தது இது.

துறைமுகத்தான்

கருண்.

மழைக்கால அக்கா

புதுக்கூடாரம் தம்பி, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை என்றால் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற திடலாகப் பாருங்கோ, கழிப்பறைக்குப் பக்கத்தில் வேண்டாம், ஒரு வரிசை தள்ளிப் போடுங்கோ. தண்ணீர்க் கேனும் நல்ல சுத்தியலும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் கியர்

சுத்தியலோடு ஆணியும். எட்டு ஆணி.

ஈஸ்ட்ஹாம்காரன்

ஆறு.