குறும்பட போஸ்டர்: அஞ்சு முகமும் வேணுமாம், என்ன செய்யிற?

தோணாக்கரை_பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். கம்பஸ் மூண்டாம் வருச அசைன்மென்டுக்கு 14 நிமிசத்துல ஒரு குறும்படம் எடுத்து முடிச்சிருக்கம், பேர் ‘தோணா’ (ஊருக்குள்ளால கடலுக்குப் போற நீரோடைய நாங்க அப்பிடித்தான் செல்ற). மாரியில தோணா நிரம்பி வீட்டுக்குள்ள தண்ணி வாற நேரம் மூத்தப்பா ஒராள் வீட்ட விட்டு வரமாட்டன் எண்டு குந்தித்து இருக்காரு, பேத்தி கூப்பிட வாறா, அவ்வளவுதான் கதை. ஷூட்டிங் எல்லாம் கல்முனைப் பக்கம் எங்கட ஊர்லயே. இப்ப போஸ்டர்லதான் சிக்கல். நடிச்ச அஞ்சு பேரும் முகம் வரணும் எண்டுறானுகள், டிரெக்டருக்கு மட்டக்களப்பு கல்லடிப் பாலம் வேணுமாம் (படத்துல பாலமே இல்ல), எடிட்டர் கடல்ல சூரியன் மறையிறதப் போடு எண்டுறான். எல்லாத்தையும் போட்டுப் பாத்தன், தேர்தல் நோட்டீஸ் மாதிரி வந்து நிக்கிது. ஏ3 சைஸ்ல 20 அடிக்கணும், வர்ற கிழமை ஸ்க்ரீனிங். படத்துல இருந்தே ஸ்டில் வெட்டி எடுத்தா காணுமா?

கச்சான்காத்து:
தம்பி மொதல்ல அந்த எடிட்டர்ட்ட கேளுங்க, எங்கட கிழக்குக் கடல்ல சூரியன் எப்ப மறஞ்ச? மறையிறது மேற்கால படுவான்கரைப் பக்கம், வயலுக்கு மேலால. ஊர்ச்சனம் பாத்தா முதல் கேள்வியே அதுதான் வரும். பாலமும் வேணாம், மட்டக்களப்பு எண்டா உடனே பாலமும் பாடும் மீனும் எண்டு எல்லாரும் போட்டுப் போட்டு சலிச்சுப் போச்சு.

போஸ்டர ஒருத்தரும் நிண்டு படிக்கமாட்டாங்க, பஸ் ஹோல்ட்ல நடந்து போறவன் திரும்பிப் பாக்கிற ஒரு செக்கன்தான் உங்களுக்குக் கிடைக்கிற. உங்கட கதையில இருந்து ஒரே ஒரு சாமான எடுங்க. எனக்கெண்டா மூத்தப்பா குந்தியிருக்கிற கதிரைதான் தோணுது, நாலு காலும் தண்ணிக்குள்ள, ஆள் இல்ல, பக்கத்துல செருப்பு ஒண்டு மிதக்கிது. முகம் இல்லாட்டி ‘இந்தாள் எங்க போனாரு’ எண்டு பாக்கிறவனுக்கே ஒரு கேள்வி வரும். அஞ்சு பேர்ட பேரையும் கீழ சின்னதாப் போட்டு விடுங்க, கோவம் ஆறிரும்.

மறுகா, ஸ்டில் வெட்டுற கதைய விடுங்க. 1920க்கு 1080ல எடுத்த வீடியோவ ஏ3க்கு நிமித்தி வெட்டினா அகலத்துக்கு 764 புள்ளி (பிக்சல்) தான் மிஞ்சும், அங்குலத்துக்கு 65 அளவுதான் வரும். பிரிண்டுக்கு 300 வேணும், அதாவது 3508க்கு 4961. போன்ல 12 மெகாபிக்சல் கெமரா இருந்தா அதால போட்டோவா எடுங்க, நிமித்திப் பிடிச்சா 3000 புள்ளி அகலம் வரும், 300க்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் போஸ்டருக்கு அது காணும். விடியக்காலையில போய் எடுங்க, வெளிச்சம் மெதுவா இருக்கும்.

தோணாக்கரை_பொடியன்:
கதிரை ஐடியா செம அண்ணே!! எடிட்டர் இன்னும் கதைக்கல்ல என்னோட. இன்னொரு பிரச்சின, போட்டோஷொப்ல ‘தோணா’ எண்டு அடிச்சா கொம்பு ஒரு பக்கம் த ஒரு பக்கம் எண்டு பிரிஞ்சு போய் நிக்கிது, பழைய பாமினி ஃபொன்ட்லதான் அடிக்கணுமா?

எழுத்துக்காரி:
பாமினி வேணாம், தலைப்ப நாளைக்கு வேற இடத்துல கொப்பி பண்ணினா ஆங்கில எழுத்தா வந்து நிக்கும். யூனிகோட்லயே அடிங்க. பழைய வேர்ஷன் எண்டா பிரெஃபரன்ஸஸ்ல டைப் எண்ட இடத்துக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட்ட தெரிவு செஞ்சித்து, போட்டோஷொப்ப மூடித் திறந்து புதுசா ஒரு பைல்ல அடிச்சுப் பாருங்க, கொம்பு தன்ட இடத்துக்குப் போயிரும். அப்பயும் சரிவராட்டி இன்க்ஸ்கேப் ஃப்ரீதானே, அதுல தமிழ் உடையாது. எழுத்துக்கு கூகுள் ஃபொன்ட்ஸ்ல கட்டமரன், அரிமா எல்லாம் இரிக்கி. ஆனா தலைப்பு ரெண்டே எழுத்துத்தானே, நான் எண்டா பிரஷ்ஷால கடதாசியில பத்துத் தரம் எழுதி நல்லத ஸ்கேன் பண்ணிப் போடுவன். அந்த ‘ணா’ சுழியில தண்ணிட வளைவு தன்னால வரும் பாருங்க. எழுத்துல நிழல், மினுக்கம் ஒண்டும் போட்டுராதீங்க தயவுசெஞ்சு.

பிரிண்ட்கடை_காக்கா:
அக்கரைப்பற்றுல கடை வச்சிரிக்கன் தம்பி, அதால ரெண்டு வார்த்த செல்றன். ஸ்க்ரீன்ல வெளிச்சம் பின்னுக்கு இரிந்து வரும், கடதாசியில அப்பிடி இல்ல, அதால இருட்டுப் படத்த கொஞ்சம் வெளிச்சமாக்கித் தாங்க, இல்லாட்டி கதிரையும் தெரியா செருப்பும் தெரியா. சீஎம்வைகேக்கு (பிரிண்ட் மை நிற முறை) மாத்தித்து நிறத்தப் பாருங்க, நல்ல நீலம் எல்லாம் மங்கித்தான் வரும். நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட விடுங்க, வெட்டுறதுக்கு. எழுத்த அவுட்லைன் ஆக்கி, அதாவது ஃபொன்ட் தேவப்படாத வடிவமா மாத்தி, பீடிஎஃப்பா அனுப்புங்க. வாட்ஸ்அப்ல படமா அனுப்பிராதீங்க, சுருக்கிப் போடும், டொக்கியுமன்டா அனுப்பணும். 20 அடிக்க முந்தி ஒண்டு அடிச்சு சுவத்துல ஒட்டி பத்தடி தள்ளி நிண்டு பாருங்க.

தோணாக்கரை_பொடியன்:
எல்லாருக்கும் பெரிய தேங்க்ஸ். காலையில அஞ்சரைக்குப் போய் கதிரைய இறக்கி எடுத்தம், செருப்பு ரெண்டு தரம் கடல் பக்கம் போயித்து, நீந்திப் போய் எடுத்தது எடிட்டர்தான். முதல் பிரிண்டும் அடிச்சாச்சு, இந்தா போட்டோ போட்டிருக்கன். சரியெண்டா பின்னேரம் மிச்சம் 19ஐயும் அடிக்கக் குடுக்கப் போறன்.

எழுத்துக்காரி:
சூப்பர்! ஆனா தம்பி கீழ ரெண்டாவது வரியப் பாருங்க, ‘நெறியாழ்கை’ எண்டு கிடக்கு. ‘ள்’ வரணும். கடைக்குப் போக முந்தி ஓடிப் போய் மாத்துங்க.