படகிலிருந்து நீர்ப்பறவைப் படம்: எவ்வளவு நெருங்கலாம்?

கழிமுகம் எழுதியது:

சென்ற வாரம் நான் பதிவிட்ட மங்கலஜோடிப் படங்களின் கீழே, பறவைகள் தங்கும் நீர்நிலைகளில் கேமராவோடு எந்தப் படகையும் விடக் கூடாது என்று இரண்டு நண்பர்கள் எழுதியிருந்தார்கள். ஒரு வரியில் மறுமொழி சொல்லிவிட்டு நகரக்கூடிய பேச்சு அல்ல என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

மங்கலஜோடி ஒடிசாவில், சிலிகா ஏரியின் வடகரைச் சதுப்பில் இருக்கும் கிராமம். அங்கே படகு என்றால் அடிப்பாகம் தட்டையான சிறு மரப்படகு. பின்முனையில் நிற்பவர் நீண்ட மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளுவார், எஞ்சின் கிடையாது. நான் முன்முனையில் குப்புறப் படுத்து, அரிசி நிரப்பிய துணிப்பையின் மேல் 500 மி.மீ. லென்ஸைக் கிடத்தியிருந்தேன். பதினைந்து அடி தூரத்தில் கருவால் மூக்கன் என்ற நீண்ட அலகுடைய கரைப்பறவை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அலகை அடிவரை சேற்றில் செலுத்தி, கன்னம் தண்ணீரில் படும்படி தலையைச் சாய்த்து, உள்ளே எதையோ பற்றியதும் தொண்டை ஒருமுறை மட்டும் அசைய, அலகை வெளியே இழுத்தது. அலகு நுனியிலிருந்து சொட்டிய சேற்றுநீர் கீழே விழுந்த வட்டம் படகின் விளிம்பு வரை வந்து தொட்டது. அந்தப் பறவை எங்களை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை.

கரையில் நடந்து போகிறவன் ஐந்தரை அடி உயரத்துக்கு வானத்தை மறைத்துக்கொண்டு போகிறான். அவனைக் கண்டதும் பறவை எழுவது இயல்பு. படுத்திருப்பவனைச் சுமந்து வரும் படகோ கோரையைவிடத் தாழ்வாக மிதந்து வருகிறது. பறவையின் கண்மட்டத்தில் லென்ஸ் இருப்பதால் கிடைக்கும் படம் வேறு எந்த வழியிலும் கிடைக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே இன்று கழி ஊன்றுகிறவர்களில் பலர், ஒரு காலத்தில் இதே பறவைகளைப் பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள். அவர்கள் வேட்டையை விட்டதற்கு நம்மைப் போன்றவர்கள் கொடுக்கும் படகுக் கூலியும் ஒரு காரணம். படகை நிறுத்துங்கள் என்று சொல்கிறவர்கள் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

கரையோரம் எழுதியது:

அந்த இருவரில் நானும் ஒருவன். உங்கள் படங்களின் அழகில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை; அந்தப் படங்களையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது படத்தில் பதினொரு மூக்கன்கள் இருக்கின்றன. நான்கின் அலகுதான் சேற்றில் இருக்கிறது. மீதி ஏழும் கழுத்தை நிமிர்த்தி நிற்கின்றன. பறந்தால்தான் தொல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மேய்கிற பறவைக்கு அலகு நின்ற கணத்திலேயே இழப்பு தொடங்கிவிடுகிறது.

இந்த இழப்பு ஏன் சிறியதல்ல என்றால், குளிர்காலத்தில் இங்கே வரும் கரைப்பறவைகள் ஓய்வெடுக்க மட்டும் வரவில்லை. திரும்பிப் போவதற்கான கொழுப்பை மார்ச்சு, ஏப்ரலுக்குள் உடம்பில் ஏற்றியாக வேண்டும். இதே பேரினத்தைச் சேர்ந்த பட்டைவால் மூக்கன் ஒன்று 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. கருவால் மூக்கன் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போவதில்லை என்றாலும், அதுவும் சேற்றில் தேடித் தின்றதை எரித்துத்தான் பறக்கிறது. ஒரு காலையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து படகுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தால், அது தலைதூக்கி நின்ற நிமிடங்களை யார் கணக்கெடுக்கிறார்கள்?

கூடு கட்டும் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். மைசூருக்கு அருகே காவிரியில் இருக்கும் ரங்கனதிட்டுக்கு நம்மில் பலர் போய் வந்திருக்கிறோம். சலீம் அலியின் வேண்டுகோளின் பேரில் 1940-இல் சரணாலயமாக்கப்பட்ட அந்தத் தீவுகளில், கோடையில் ஆற்று ஆலா என்ற நீர்ப்பறவைகள் வெறும் பாறையிலும் மணலிலும் முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்ல ஒரு சிறு குழிதான் இருக்கும். அடைகாக்கும் பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் வேகும். பக்கத்து மரத்தில் காகம் காத்திருக்கும். அணையில் திடீரென நீர் திறந்தால் முட்டைகள் அடித்துச் செல்லப்படும் ஆபத்து ஏற்கெனவே இருக்கும்போது, நாமும் ஒரு காரணமாக வேண்டுமா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. துப்பாக்கி தூக்குவதும் கூட்டை நெருங்கித் தாயை விரட்டுவதும் சட்டத்தின் கண்ணில் ஒரே பெயருடையவை.

கழிமுகம் எழுதியது:

மூன்றாவது படத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்ததற்கு நன்றி, ஐயா. அந்த நேரத்தில் தலைக்கு மேலே சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாகச் சுற்றியது. ஏழு மூக்கன்களின் தலையும் சற்றே பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண் மேலே பார்ப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் காணலாம். நாற்பது விநாடி கழித்து, படகு அதே இடத்தில் நிற்க எடுத்த படத்தை இப்போது இணைத்திருக்கிறேன். பதினொன்றில் ஒன்பதின் அலகு சேற்றுக்குள் இருக்கிறது.

ஆலாக்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ரங்கனதிட்டில் துடுப்புப் போடுகிறவர்கள் வனத்துறையின் ஆட்கள். படகு எந்தப் பாறையிலிருந்து எவ்வளவு விலகிப் போக வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. தவறு நடந்தால் வழித்தடத்தை மாற்றச் சொல்லலாம். படகே கூடாது என்பது நோய்க்கு மருந்து கொடுப்பதற்குப் பதிலாக ஆளையே ஊரைவிட்டு அனுப்புவது போல இருக்கிறது.

முகத்துவாரம் எழுதியது:

நான் பழவேற்காட்டுக்காரன். தகப்பனார் வழியில் எங்களுக்கு இன்றும் பாடு உண்டு. பாடு என்றால் ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊருக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. ஆகவே படகையும் பறவையையும் ஒருசேரப் பார்த்தே வளர்ந்தவன் என்ற முறையில் இரண்டு தரப்புக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

பூநாரைகள் எங்கள் படகுகளைக் கண்டு எழுவதில்லை. கூட்டத்துக்குப் பக்கவாட்டில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நாங்கள் வலை இழுப்போம். அவை தலைகீழாக அலகைத் தண்ணீரில் வைத்து, காலால் சேற்றைக் கலக்கியபடி, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் அந்த இடம் முழுக்க வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கும். அதே பறவைகள், கேமராக்காரர் ஏறிய படகு தங்களை நோக்கித் திரும்பிய உடனேயே, அது எங்கள் படகைவிடத் தொலைவில் இருந்தாலும், நடக்கத் தொடங்கிவிடும். முதலில் நடை, பிறகு வேக நடை, பிறகு தண்ணீர்மேல் ஓட்டம், பிறகு எழுச்சி. பறவை தூரத்தை மட்டும் அளப்பதில்லை. படகின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்க்கிறது. வேலைக்குப் போகிறவன் யார், தன்னைத் தேடி வருகிறவன் யார் என்று அதற்குத் தெரிகிறது.

சுற்றுலாப் படகு ஓடிய காலத்தில், கூட்டம் மொத்தமாக எழும் படம் வேண்டும் என்று கேட்டு, அதற்காகவே எஞ்சினை முடுக்கச் சொல்லிக் கூடுதல் பணம் நீட்டியவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் இங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. இன்றும் தோளில் பெரிய லென்ஸோடு வந்து, ஒரு மணி நேரம் போதும் என்று கெஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். என் தகப்பனார் யாரையும் ஏற்றுவதில்லை. உயிர்காப்புச் சட்டை இல்லாத மீன்பிடிப் படகில், ஒரே பக்கம் நான்கு பேர் எழுந்து நின்று லென்ஸை நீட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

கரையோரம் எழுதியது:

முகத்துவாரம் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பூனைப்பருந்து விஷயத்தில் கழிமுகம் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் அடிப்படையில் என் நிலை மாறவில்லை. பருந்து வருவதை நாம் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதற்குத் தலைதூக்குவது அந்தப் பறவையின் வாழ்க்கையிலேயே அடங்கிய செலவு. நாம் அதன்மேல் புதிதாக ஒரு செலவை ஏற்றுகிறோம். ஒரே ஒரு படகு, பொறுமையான ஓர் ஆள், ஒரு காலை என்றால் நானும் வாதாட மாட்டேன். ஓர் இடத்தின் படம் பரவியதும் அடுத்த சனவரியில் அங்கே எத்தனை பேர் போய் இறங்குகிறார்கள் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பறவையைக் காக்க மனிதன் கரையிலேயே நின்ற இடங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. வேடந்தாங்கலில் ஏரிக்கரை மேலிருந்துதான் பார்க்கிறோம். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அங்கே நீர்க்கடம்ப மரங்களில் குஞ்சு பொரித்துப் போகின்றன. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் போன சிலிகாவிலேயே நளபனா தீவு 1987-இல் சரணாலயமாக்கப்பட்டது. குளிர்காலத்தில் பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடும் அந்தப் பகுதிக்குள் சுற்றுலாப் படகுகளை விடுவதில்லை. ஒரே ஏரியில் ஒரு பக்கம் மூடியிருப்பதால்தான் இன்னொரு பக்கத்தை உங்களுக்குத் திறந்துவைக்க முடிகிறது என்று நான் நினைக்கிறேன்.

ஊசிவால் எழுதியது:

ஒரு தொழில்நுட்பச் செய்தி மட்டும். நெருங்கினால்தான் படம் என்ற எண்ணம் பழைய கேமராக்களோடு வந்தது. இன்று 45 மெகாபிக்சல் கோப்பில் பாதியை வெட்டி எறிந்தாலும் அச்சுக்குப் போதும். படகில் முக்காலியை வைப்பது வீண். தளத்தின் அதிர்வு முழுவதும் அதன் கால் வழியே லென்ஸுக்கு ஏறும். துணிப்பையும் 1/2000 விநாடி ஷட்டர் வேகமும் இருந்தால் நூறு அடியிலிருந்தே கண்ணின் ஒளிப்புள்ளி தெளிவாக வரும். ஒலியில்லாத மின்னணு ஷட்டரையும் மறந்துவிட வேண்டாம்.

கழிமுகத்திடம் ஒரு கேள்வி. உங்கள் பழைய தொகுப்பில், வேறொரு குளத்தில் ஆகஸ்டில் எடுத்ததாகக் குறித்த நீளவால் இலைக்கோழி, முட்டைகளோடு இருக்கிறது. அது எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது?

கழிமுகம் எழுதியது:

கேட்டுவிட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். இருபது அடி இருக்கலாம். இலைக்கோழியின் கூடு மிதக்கும் கொடிகளின் மேல் ஈரத் தழையை அடுக்கியது. பெண் முட்டையிட்டுவிட்டு வேறு ஆணைத் தேடிப் போய்விட, ஆண் தனியாக அடைகாக்கிறது. நாங்கள் திரும்பியபோது படகு எழுப்பிய சிற்றலை இலைகளுக்கு அடியில் ஓடியதும், கூடு முழுவதும் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. பழுப்பு முட்டைகளில் ஒன்று ஓரத்துக்கு உருண்டு, தழையில் தட்டி நின்றது. அந்த ஆண் உடனே வந்து அதை அலகாலும் மார்பாலும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதைத் தாய்மை என்று தலைப்பிட்டுப் பதிவிட்டேன். தந்தை என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. அந்த முட்டை உருண்டது என்னால் என்பதை நினைத்துப் பார்க்கவும் இல்லை. இன்று காலை அந்தப் படத்தைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன். கூட்டுக் காலத்தில் படகு கூடாது என்பதைக் கரையோரம் ஐயாவின் வாதமாக இல்லாமல் என் சொந்த வாதமாகவே இனி சொல்வேன்.

ஆனால் குளிர்காலச் சதுப்பில், எஞ்சின் இல்லாத படகை முழுவதும் தடுக்க வேண்டும் என்பதை இன்னும் ஏற்க முடியவில்லை. மங்கலஜோடியில் எனக்குப் படகு தள்ளியவர் ஒரே சத்தத்தில் எது உள்ளான், எது மீசை ஆலா என்று சொன்னார். அந்தக் காது வேட்டைக்காகப் பழகியது. இப்போது அதைக் கேட்டுத்தான் படகை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறார். அவரை மீண்டும் வருமானம் இல்லாத கரையில் நிறுத்திவிட்டு, பறவைகள் பத்திரமாக இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவு இல்லை.

கரையோரம் எழுதியது:

நீக்கியதற்கு நன்றி. வருமானம் பற்றிய வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வருமானம்தான் நாளைக்கு ஐந்து படகுகளை ஐம்பதாக்கவும் செய்யும். ஒரு காலைக்கு இத்தனை படகு என்ற எண் முதலில் வரட்டும். அது வராத இடத்துக்கு நான் படகேறிப் போக மாட்டேன்.

முகத்துவாரம் எழுதியது:

எண் வரும்வரை, இனிமேலும் படகேறப் போகிறவர்களுக்கு எங்கள் வழக்கத்திலிருந்து சொல்கிறேன். படகின் மூக்கைப் பறவைக்கு நேரே திருப்பாதீர்கள். வலை பார்க்கப் போகிறவன் போலக் குறுக்காகப் போய், கூட்டத்தைக் கடந்துவிட்டு, காற்று உங்களைத் தானாகத் தள்ளும்படி விடுங்கள். ஒரு தலை தூக்கினால் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகைப் பிடித்து நிறுத்துங்கள். மூச்சு விடும் நேரம் பொறுத்துப் பாருங்கள். அலகு மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினால் நீங்கள் இருக்கலாம். இரண்டாவது தலையும் தூக்கினால், வந்த வழியே பின்முனை முன்னாகத் திரும்புங்கள். கழி ஊன்றுகிறவருக்குப் பேசிய கூலியை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். படம் கிடைக்காத நாளில் கூலி குறையும் என்றால்தான் அவர் இன்னும் பத்தடி உள்ளே தள்ளப் பார்ப்பார்.