மேத்யூ ரீஸ்: 'தி அமெரிக்கன்ஸ்' முடித்தாச்சு, அடுத்து எதைப் பார்க்கலாம்?

சீரியல்பூனை:
'தி அமெரிக்கன்ஸ்' தொடரின் ஆறு சீசனும் முடித்துவிட்டேன். நாயகன் பிலிப்பாக நடித்த மேத்யூ ரீஸ் கார்டிஃபில் பிறந்த வேல்ஸ்காரராம். அமெரிக்கனாக வேஷம் போடும் ரஷ்ய உளவாளி, அதற்கு மேல் விதவிதமாக விக் வேறு, இத்தனையும் ஒரு வேல்ஸ்காரர்! இவர் ஏன் சினிமாவில் பெரிய ஹீரோவாகவில்லை? அடுத்து இவருடைய எந்தத் தொடரைப் பார்க்கலாம்?

பழையடிவி:
'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' பாருங்கள். லண்டனில் ராடா நடிப்புப் பள்ளியில் படித்து, 2000-இல் ஹாலிவுட் நடிகை கேத்லீன் டர்னரோடு மேடை நாடகம் நடித்தவரை அமெரிக்க வீடுகளில் கொண்டுபோய் சேர்த்தது இந்தத் தொடர்தான். 2006 முதல் 2011 வரை ஓடியது. சேலி ஃபீல்ட் அம்மா, இவர் வக்கீல் மகன் கெவின். குடும்பச் சண்டை, சாப்பாட்டு மேஜையில் கண்ணீர், போனில் மாறி மாறி வம்பு என்றுதான் போகும், சில சீசன் இழுவையும் கூட. ஆனால் கெவின் தன்பாலீர்ப்பாளர், அவருக்கும் காதலர் ஸ்காட்டிக்கும் நடக்கும் திருமணச் சடங்கை 2008-இலேயே ஏபிசி மாதிரி ஒரு பெரிய சேனலில் காட்டினார்கள். மனதில் பட்டதையெல்லாம் கொட்டிவிடும் கெவினைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உள்ளேயே பூட்டி வைக்கும் பிலிப்பை நினைத்துப் பாருங்கள், ஆளின் வீச்சு புரியும்.

நடுராத்திரி:
109 எபிசோடா, பாவம் அவரை விட்டுவிடுங்கள். நேராக எச்பிஓ சேனலின் 'பெர்ரி மேசன்' போங்கள், பழைய கதைகளில் வரும் பேர்போன வக்கீல்தான் மேசன். 1930-களின் லாஸ் ஏஞ்சலஸ், ஷேவ் செய்யாத முகம், கசங்கிய கோட்டு. ஆனால் முதல் சீசன் தொடங்கும்போது மேசன் வக்கீலே இல்லை, துப்பறிகிற ஆள். மொத்தம் 16 எபிசோட்தான், 2023-இல் நிறுத்திவிட்டார்கள், எனக்கு இன்னும் கடுப்பு தீரவில்லை.

சினிமா விஷயத்துக்கு வந்தால், அவர் நடிக்காமல் இல்லை. 2008-இல் கவிஞர் டிலன் தாமஸாக நடித்தார், ஸ்பீல்பெர்க்கின் 'தி போஸ்ட்'டில் வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசியமான பென்டகன் ஆவணங்களை வெளியே கொண்டுவரும் எல்ஸ்பெர்க் அவர்தான். 2019-இல் டாம் ஹாங்ஸ் படம் ஒன்றில் கிட்டத்தட்ட முழுக் கதையும் இவர் தோளில்தான் நிற்கிறது, பேச்செல்லாம் ஹாங்ஸைப் பற்றி. என்னைக் கேட்டால் இவர் நடிப்பு மெதுவாக ஏறுகிற வகை, இரண்டு மணி நேரம் போதாது.

மலையோரம்:
மேலே யாரும் சொல்லாத ஒன்று, அவருக்குத் தாய்மொழியே வேல்ஷ். கார்டிஃபில் வேல்ஷ் வழிப் பள்ளியில் படித்தார். 'ஹார்ன்பிளோயர்' டிவி தொடரின் நாயகன் யோவன் கிரிஃபித்தும் அதே பள்ளிதான், பிறகு லண்டனில் இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். யோவன் சிறுவயதிலேயே 1974 முதல் ஓடிக்கொண்டிருக்கும் வேல்ஷ் சீரியல் ஒன்றில் நடித்தவர். சீக்கிரம் பேர் வாங்கியதும் அவர்தான், ஆனால் தொலைக்காட்சியில் ஆழமாகப் போனது ரீஸ் என்பது என் கட்சி. அர்ஜென்டினாவின் படகோனியாவில் வேல்ஸ்காரர்கள் குடியேறிய ஊர்கள் இருக்கின்றன தெரியுமா? அதைப் பற்றிய ஒரு வேல்ஷ்–ஸ்பானிஷ் படத்தில் 2010-இல் நடித்தார், அதாவது 'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே.

சீரியல்பூனை:
சரி, 'பெர்ரி மேசன்' முதலில். அப்புறம், பிலிப் வேடத்துக்கு எம்மி டிவி விருது கிடைத்ததா இல்லையா?

பழையடிவி:
கிடைத்தது. 2016, 2017 இரண்டு வருஷமும் பரிந்துரையோடு நின்றுவிட்டது, 2018-இல் கடைசி சீசனுக்குத்தான் கொடுத்தார்கள். கெவினையும் ஒரு நாள் பாருங்கள், சும்மா ஒரு பத்து எபிசோட் மட்டுமாவது.