நிலைத்து நிற்கும் மாற்றம்: உங்கள் சாட்சியைப் பகிருங்கள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். கூட்டத்தில் அழுது ஒப்புக்கொடுத்தது சில வாரங்களில் ஆறிப்போகாமல், நிலைத்து நின்ற அனுபவம் யாருக்காவது உண்டா? என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

சொத்து விஷயத்தில் எங்களுக்குத் துரோகம் செய்த உறவினர் ஒருவர்மேல் வருஷக்கணக்காகக் கசப்பு. உபவாசக் கூட்டம் தவறாமல் "மன்னித்துவிட்டேன் ஆண்டவரே" என்பேன், மனதாரத்தான் சொன்னேன். ஆனாலும் வீட்டில் அவர் பேச்சை எடுத்தாலே தொண்டை அடைக்கும். சபையில் மூத்த அம்மா ஒருவர், "அதோடு நிறுத்தாதேம்மா. அவர் பிள்ளைகள் பேரைச் சொல்லி ஆசீர்வாதம் கேள்" என்றார். மத்தேயு 5:44-ல் இயேசு சொன்னதும் அதுதானே! அவர் மகளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். வாய் கேட்டது, உள்ளம் மறுத்தது. விடாமல் கேட்டேன். கடைசியில் அவளுக்கு வேலை கிடைத்த செய்தி போனில் வந்தபோது, யோசிக்கும் முன்பே "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷம் என் சுபாவத்தில் இல்லாதது. ஆவியானவர் தந்தது.

---

சகோதரி, வாசித்ததும் முழங்காலில் நின்றேன். எனக்குப் போராட்டம் கோபம். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள்" என்ற யாக்கோபு 5:16-ன்படி ஒரு நண்பரும் நானும் வாரந்தோறும் பேசிக்கொள்கிறோம். "வீட்டில் எப்படிப் பேசினீர்கள்?" என்று நேராகவே கேட்பார். தனியாக எடுத்த தீர்மானங்களில் இந்தப் பலன் இல்லை.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் எழுப்புதலை நடத்திய போதகர் ஜான் வெஸ்லியின் இருதயம் விசுவாசத்தில் அனலடைந்தது 1738 மே 24-ல். அடுத்த சில மாதங்களிலேயே தன் நாட்குறிப்பில் ஐயங்களை எழுதியிருக்கிறார். 1742-ல் தொடங்கிய சிறு வகுப்புகளில், சுமார் 12 பேர் வாரந்தோறும் கூடி ஆத்தும நிலையை விசாரித்துக்கொண்டார்கள். அந்த எழுப்புதல் நிலைத்ததற்கு இது பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

என் மகன் முன்பெல்லாம் எதையாவது உடைத்தால் ஒளித்துவைப்பான். இப்போது துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவனே என்னிடம் வருகிறான். எந்தக் கூட்டத்திலும் எனக்கு இவ்வளவு பெரிய ஆறுதல் கிடைத்ததில்லை.

---

எனக்கு இன்னும் விடுதலை வரவில்லை. நற்கிரியையைத் தொடங்கினவர் அதை முடிய நடத்திவருவார் என்ற பிலிப்பியர் 1:6-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா, மனம் ஒத்துழைக்காத நாட்களில் எவ்வளவு நேரம் ஜெபித்தீர்கள்?

---

தம்பி, இரண்டு மூன்று வாக்கியம்தான். அதற்குமேல் வராது. பாத்திரம் கழுவும்போதே சொல்லி முடித்துவிடுவேன். உங்களுக்காக இன்றிலிருந்து ஜெபிக்கிறேன்.